‘வீ’ மறைக்கும்; ‘நாம்’ காட்டும்

ஆங்கிலத்தில் ‘வீ’ என்றொரு சிறுசொல் உண்டு. அது கேட்போனை உள்ளடக்கியும் வரும். அவனை வெளியே நிறுத்தியும் வரும். எப்பொருளில் வந்ததென அச்சொல் காட்டாது. ஆங்கில மன்னர் தம் ஒருவரையே அதனாற் குறித்தனர். இதழாசிரியர் தம் தனிக்கருத்தை அதற்குள் ஒளித்தனர். ‘வீ மருந்துண்ணலாமா?’ என்று செவிலி வினவுங்கால், உண்ண வேண்டியவன் நோயாளி ஒருவனே! 1989-இல் பிரித்தானியத் தலைமையமைச்சர் தாட்சர், தாம் பாட்டியானதை இச்சொல்லாற் கூறி நகைப்புக்குள்ளானார்.

ஆனால், நகைப்போடு முடிவதன்று இது. 1787-இல் வரையப்பட்ட அமெரிக்க அரசியல் யாப்பு, மக்கள் பெயரால் ‘வீ’ என்றே தொடங்குகின்றது. அம்மக்களுள் அடிமைகள் இருந்தனரா? சார்பாளர் தொகையைக் கணிக்க அடிமை ஒருவரை ஐந்தில் மூன்று பங்காக எண்ணுமாறு அதே யாப்பு விதித்தது! அடிமைமுறையை அச்சொல் படைக்கவில்லை. மூடி மறைக்கத் துணைநின்றது.

தமிழ் இவ்விடத்தில் தெளிவுடையது. ‘நாம் செல்வோம்’ எனின் கேட்போனும் உடன் வருவான். ‘நாங்கள் செல்வோம்’ எனின் அவன் நின்றுவிடுவான். முன்னதை ‘உளப்பாட்டுத் தன்மைப் பன்மை’ என்பர் இலக்கணத்தார். ஆங்கிலச் சொற்களைக் கொண்டே பிறந்த பாப்புவா நியூகினியின் டோக் பிசின் மொழியும் ‘வீ’யை ஏற்கவில்லை. கேட்போனைச் சேர்க்க ‘யூமி’, நீக்க ‘மிபெலா’ என இரண்டு சொற்களை ஆக்கிக்கொண்டது. 1980-இல் விடுதலை பெற்ற வனுவாத்துவின் நாட்டுப்பண்ணும் ‘யூமி, யூமி, யூமி’ என்பதே! ஆங்கிலத்திற் கடன் கொண்டோரே அதன் குறையை உணர்ந்து நிறைத்துக்கொண்டனர்.

1949-இல் ஏற்கப்பட்ட இந்திய அரசியல் யாப்பின் ஆங்கில முகப்பிலும் ‘வீ’யே நின்றது. தமிழில் அது ‘நாம்’ ஆயிற்று. அவ்யாப்பை இயற்றிய அவையினருட் பெரும்பாலோரை 1946-இல் தேர்ந்தவர்கள் மாகாணச் சட்டமன்றத்தாரே. அம்மன்றத்தாரைத் தேரும் உரிமையோ உடைமை, கல்வி முதலிய தகுதிகளுள் ஒன்றேனும் உடையார்க்கே இருந்தது. ஆங்கிலச் சொல் இதனை வினவ இடந்தராது. ‘நாம்’ என்னும் சொல்லோ ஒவ்வொருவனையும் உள்ளே அழைத்துவிட்டது, ‘என்னைக் கேட்டனரா?’ என வினவும் உரிமை அவனுக்குண்டு.

இத்துணைக் கூரிய கருவியை ஆங்கிலப் பயிற்சியால் மழுங்கவிடுவோர் இன்று பலர். ஊரார் முன் நின்று ‘நாங்கள் வெல்வோம்’ என்று முழங்கி, அவ்வூராரையே வெளியே தள்ளுகின்றனர்!

தமிழ் இளைஞர்களே! எவரேனும் உங்கள் பெயராற் பேசுங்கால், அவர் சொல்வது நாமா, நாங்களா எனக் கேளுங்கள். விடையில் அவர் நெஞ்சம் வெளிப்படும்.