சைக்கிள் படம் ஏன் இல்லை என்று கேட்டவர்களுக்கு



பினாங்கு போய்வந்து நான் போட்ட படங்களுக்குக் கீழே பாதிப் பேர் ஒரே கேள்விதான் கேட்டிருக்கிறீர்கள். "டீச்சர், அந்த சைக்கிள் ஓவியம் எங்கே?" எடுக்கவில்லை. ஆர்மீனியன் தெருவில் அதன் முன்னால் வெயிலில் நீளமாக வரிசை நின்றது. லிதுவேனியாக்காரர் எர்னஸ்ட் ஜகரேவிச் 2012இல் வரைந்தது. நல்ல ஓவியம்தான். ஆனால் அந்த வரிசையில் ஒருவர்கூட எதிர்வீட்டு மாடியை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அதைவிட எனக்குக் கோபம் வந்தது இன்னொரு பின்னூட்டத்தைப் பார்த்துத்தான். "அவனுங்க பழசை எப்படிக் காப்பாத்துறானுங்க பாருங்க டீச்சர், நாம இடிச்சுத் தள்ளுறோம்." தம்பி, நாம் இடிப்பது உண்மை. அவர்கள் காப்பாற்றியது எதை என்று பார்.

ஜார்ஜ் டவுனின் பழைய வீடுகளில் கீழே கடை, மேலே குடித்தனம். முகப்பு குறுகல், உள்ளே போகப்போக நீளம். நடுவில் வானம் பார்த்த முற்றம். காற்றும் வெளிச்சமும் அதன் வழியாகத்தான். வாசலில் ஐந்தடி நடை. வீட்டுக்காரர் தன் முன்பக்கத்தில் ஐந்தடியைக் கூரையோடு வழிப்போக்கருக்கு விட்டுவிட வேண்டும். ராஃபிள்ஸ் 1822இல் சிங்கப்பூருக்குப் போட்ட விதி அது. இங்கும் பின்னால் வந்து சேர்ந்தது. நம் திண்ணைக்குச் சித்தப்பா பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். தையல்காரர், சாவி செய்பவர், பேப்பர் படிக்கும் தாத்தா எல்லோருக்கும் அதில்தான் இடம்.

அந்த மனிதர்கள் அங்கே தங்க முடிந்ததற்குக் காரணம் 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அதை நீக்கினார்கள். 2000 பிறந்ததோடு அந்தப் பாதுகாப்பு போயிற்று. தலைமுறையாகக் குடியிருந்தவர்கள் புது வாடகை கட்ட முடியாமல் வெளியேறினார்கள். எட்டு வருடம் கழித்து, 2008இல், மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ பட்டியலில் இடம். எதற்காக? கட்டடங்களோடு, பல இனத்தார் சேர்ந்து வாழ்ந்துவரும் நகரம் என்பதற்காகவும்! சிரிப்பதா அழுவதா?

உரிமையாளர்கள் பக்கமும் நியாயம் உண்டு. சொற்ப வாடகையில் ஓடு மாற்ற முடியுமா? முடியாதுதான். ஆனால் வாடகையைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தவும் பழுதுபார்க்கப் பணம் கொடுக்கவும் ஓர் அரசால் முடியாதா? குடியிருந்தவரை அனுப்பிவிட்டுச் சன்னலுக்கு வண்ணம் பூசுவதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைத்தால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். (நான் தங்கியதும் அப்படி விடுதியாக மாறிய ஒரு வீட்டில்தான். ஏசி நன்றாக இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.)

குயின் தெருவில் 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில் இருக்கிறது. கொஞ்ச தூரத்தில் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், சீனர்களின் குவான் யின் கோயில், 1818இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். எல்லாம் நடந்தே பார்க்கலாம். கோயிலருகே பூக்கட்டிக்கொண்டிருந்த பெரியவரிடம் முழம் வாங்கினேன். பக்கத்துத் தெருவில் ஒரு மாடியில் பிறந்தவராம். இப்போது தினமும் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரி ஏறி வருகிறார். அந்த மாடி காப்பிக் கடையாகிவிட்டது.

"உள்ளே போய்ப் பார்த்தீர்களா ஐயா?" என்றேன்.

"ஒரு காப்பி பதினாலு வெள்ளிம்மா" என்றார்.