கூடியதும் அவர்கள், பிரிந்ததும் அவர்கள். வெளியே நிற்பவன் யார்?

'ஃபோர்ட் மீண்டும் சென்னைக்கு வருகிறது' என்று 2025 ஒக்டோபர் இறுதியில் பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டன. மறைமலைநகரில் மூடிக்கிடக்கும் ஆலையில் 3,250 கோடி இந்திய ரூபாய் முதலீடு. 2029இல் எஞ்சின் உற்பத்தி. அறுநூறுக்கும் மேற்பட்டோருக்கு நேரடி வேலை. படித்தவர்கள் மகிழ்ந்தார்கள். நானும் மகிழ்ந்திருப்பேன், 2022இல் அதே வாசலில் இருந்து வெளியே அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பது நினைவுக்கு வராதிருந்தால். சுமார் 2,600 பேர்.

மட்டக்களப்பு வாவிக்கரையில் இருந்துகொண்டு மறைமலைநகரைப் பற்றி எழுத உமக்கென்ன வந்தது என்று நண்பர் ஒருவர் கேட்டார். வந்த காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் கதையைச் சொல்லிவிடுவோம். அண்மைக்காலக் கதைதான், ஆனால் ஏற்கனவே பாதி மறந்துபோன கதை.

ஃபோர்ட் இந்தியாவுக்குள் நுழைந்ததே ஒரு கூட்டாளியின் கையைப் பிடித்துக்கொண்டுதான். 1995இல் மகிந்திராவுடன் சரிபாதிப் பங்கில் கம்பனி தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே ஃபோர்ட் பெரும்பங்கைத் தன்வசமாக்கிக்கொண்டது. மறைமலைநகரில் ஆலை எழுந்தது. பின்னர் குஜராத்தின் சனந்தில் இன்னொன்று. இரண்டு ஆலைகள் இருந்தும் இந்தியச் சந்தையில் அதன் பங்கு கடைசிக் காலத்தில் நூற்றுக்கு இரண்டைக்கூட எட்டவில்லை. பத்து ஆண்டுகளில் சேர்ந்த நட்டம் 2 பில்லியன் டொலருக்கும் அதிகம் என்று கம்பனியே அறிவித்தது.

நட்டத்தைத் தோளில் இருந்து இறக்க ஃபோர்ட் கண்ட வழி, பழைய கூட்டாளியிடமே திரும்பிப் போவது. 2019 ஒக்டோபரில் புதிய உடன்படிக்கை அறிவிக்கப்பட்டது. மகிந்திராவுக்கு 51 வீதம், ஃபோர்டுக்கு 49 வீதம். கார் ஆலைகளும் ஆட்களும் புதிய கம்பனிக்குப் போவதாக ஏற்பாடு. படங்கள் எடுக்கப்பட்டன, கைகள் குலுக்கப்பட்டன. 2020 டிசெம்பர் 31ஆம் திகதி கெடு முடிந்தது, உடன்படிக்கையும் முடிந்தது. கொள்ளைநோயும் உலகப் பொருளாதாரமும் காரணம் என்றார்கள். எட்டு மாதங்கள் கழித்து, 2021 செப்டெம்பர் 9ஆம் திகதி, இந்தியாவில் கார் உற்பத்தியையே நிறுத்துகிறோம் என்ற அறிவித்தல் வந்தது.

இங்கே ஒன்றை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். ஆண்டாண்டாக நட்டத்தில் ஓடும் ஆலையை எவரும் என்றென்றைக்கும் நடத்த முடியாது. 'விற்காமல் என்ன செய்வது?' என்று கேட்கும் பொருளியல் பண்டிதர்களுக்கு என் பதில் இதுதான்: விற்கட்டும். விற்கக்கூடாது என்று நான் வாதாடவில்லை. எதை விற்கிறார்கள், எதை விட்டுவிட்டு விற்கிறார்கள் என்பதே என் கேள்வி.

சனந்தைப் பாருங்கள். 2022 ஓகஸ்டில் டாட்டா நிறுவனம் அந்த ஆலையை 725.7 கோடி ரூபாய்க்கு வாங்க ஒப்புக்கொண்டது. நிலம், கட்டடம், இயந்திரங்கள் ஆகியவற்றோடு, கார் ஆலையின் தகுதியுள்ள ஊழியர்களையும் ஏற்பதாக உடன்படிக்கையில் எழுதப்பட்டது. மறைமலைநகருக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை. வாங்குவோர் வருவதாகப் பேச்சு எழும்; அடங்கும். 2022 மே இறுதியில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வேலை வேண்டும் என்று தொடங்கிய கோரிக்கை, நட்டஈட்டைக் கூட்டித் தாருங்கள் என்ற அளவுக்குச் சுருங்கிப்போயிருந்தது. ஜூலையில் கடைசிக் கார் வெளியே வந்தது.

ஒரே கம்பனி, ஒரே தீர்மானம். ஓர் ஊரில் தொழிலாளி வேலையோடு கைமாறினான். மற்ற ஊரில் பணத்தோடு வீட்டுக்குப் போனான். அவனுடைய உழைப்பிலோ திறமையிலோ வேறுபாடு எதுவும் இல்லை. வாங்க ஆள் வந்ததும் வராததும்தான் வேறுபாடு. நாற்பது வயதில் ஒருவனுடைய வாழ்க்கையை இப்படிக் குருட்டு அதிர்ஷ்டத்திடம் ஒப்படைப்பதற்கு 'மறுசீரமைப்பு' என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

சட்டம் என்ன செய்தது? ஆலை கைமாறும்போது, சேவை முறியாமலும் நிபந்தனை குறையாமலும் ஏற்றுக்கொள்ளப்படாத தொழிலாளிக்கு ஆட்குறைப்பு நட்டஈடு உண்டு என்றது இந்தியாவின் 1947ஆம் ஆண்டுச் சட்டம். சேவையாண்டு ஒன்றுக்குப் பதினைந்து நாள் ஊதியம். வாங்குபவன் ஆளையும் ஏற்க வேண்டும் என்று அது கட்டாயப்படுத்தவில்லை. ஐரோப்பாவிலோ நிறுவனம் கைமாறினால் வேலை ஒப்பந்தமும் தானாகவே கைமாறும் என்ற விதி 1977இலேயே வந்துவிட்டது. இந்தியா எந்தத் திசையில் நடக்கிறது? 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிற்சட்டத்தின்படி, முந்நூறு பேருக்குக் குறைவான ஆலையை மூட அரசின் முன் அனுமதி தேவையில்லை. முன்பு அந்த எல்லை நூறாக இருந்தது. பெரிய கார் ஆலைக்கு இதனால் பாதிப்பில்லை என்பார்கள். அதற்கு உதிரிப்பாகம் செய்து கொடுக்கும் சிற்றாலைகளை எண்ணிப் பாருங்கள். பெரிய ஆலை இருமினால் காய்ச்சலில் விழுபவை அவைதாம். அங்கே வேலை செய்பவனின் பெயர் எந்தப் பத்திரிகையிலும் வருவதில்லை.

ஃபோர்ட் கதை ஒற்றைக் கதையன்று. 2024 டிசெம்பரில் ஹொண்டாவும் நிசானும் இணையப் பேசின. நிசானைத் தன் துணைக் கம்பனியாக்க ஹொண்டா யோசனை சொல்ல, 2025 பெப்ரவரி 13இல் பேச்சு முறிந்தது. ஒன்றரை மாதத்தில் வந்த செய்தி: சென்னையை அடுத்த ஒரகடத்துக் கூட்டு ஆலையில் நிசானுக்கு இருந்த 51 வீதப் பங்கையும் ரெனோ வாங்குகிறது. ஆலை மூடப்படவில்லை, நிசான் கார்கள் அங்கே தொடர்ந்து செய்யப்படுகின்றன. நல்லது. ஆனால் தோக்கியோவில் முறிந்த சம்பந்தத்துக்கு ஒரகடத்தில் பாகம் பிரிந்தபோது, அந்த ஆலையை இயக்குபவனின் கையொப்பம் எங்கும் தேவைப்படவில்லை. அதே ஆண்டு மே மாதம் உலகெங்கும் 20,000 வேலைகளைக் குறைப்பதாக நிசான் அறிவித்தது.

மாப்பிள்ளை செத்தால் என்ன, மணப்பெண் செத்தால் என்ன, மாலைப்பணம் தனக்கு வந்தால் சரி என்பது எங்கள் ஊர்ப் பேச்சு. இணைப்புக்கும் ஆலோசகர்களுக்குக் கட்டணம் உண்டு, முறிவுக்கும் உண்டு, விற்பனைக்கும் உண்டு. மூன்றிலும் கட்டணம் இல்லாதவன் தொழிலாளி ஒருவனே.

இப்போது நண்பரின் கேள்விக்கு வருகிறேன். எங்கள் மாவட்டத்துக்குப் பெரிய தொழிற்சாலை என்று பேர்சொல்ல இருந்தது வாழைச்சேனைக் கடதாசி ஆலை. 1956இல் உற்பத்தி தொடங்கிய அரச ஆலை. வயல்களில் எஞ்சிய வைக்கோல் அங்கே கடதாசியானது. தமிழரும் முஸ்லிம்களும் அருகருகே நின்று வேலை செய்தார்கள். போரும் முதலின்மையும் அதைத் தின்ற பின்னர், மீளத் திறப்போம் என்ற வாக்குறுதியைக் கேட்டுக் கேட்டே ஒரு தலைமுறை முதுமை அடைந்தது. ஆலை மூடுவது என்றால் என்னவென்று எங்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

இன்று ஏறாவூரில் துணி உற்பத்திக்கென முதலீட்டு வலயம் அமைந்திருக்கிறது. எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் இருந்து பெண்பிள்ளைகள் விடியற்காலையில் ஆடைத் தொழிற்சாலைப் பேருந்துக்குக் காத்து நிற்கிறார்கள். முதலீடு வரட்டும். வேலையில்லாத மண்ணில் நின்று முதலீட்டைப் பழிக்கும் அளவுக்கு நான் பேதையல்லன். இலங்கையில் 1971ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. பதினைந்து பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் இடத்தில், தொழிலாளியின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இல்லாமல் ஆட்குறைப்புச் செய்ய முடியாது. அது முதலீட்டுக்குத் தடை என்று கொழும்பில் குரல் எழும்போதெல்லாம் மறைமலைநகரை நினைத்துக்கொள்ளுங்கள்.

நான் கேட்பவை மூன்றே மூன்று. அரச நிலமோ வரிச்சலுகையோ பெறும் கம்பனி, தன் ஆலையை விற்கும்போது ஆட்களையும் சேர்த்தே கைமாற்ற வேண்டும் என்பது முதல் நாள் உடன்படிக்கையிலேயே எழுதப்பட வேண்டும். இணைப்புப் பேச்சு தொடங்கும்போதே, அது முறிந்தால் தொழிலாளியின் கதி என்ன என்பதைத் தொழிற்சங்கத்துக்கு எழுத்தில் தர வேண்டும். மூடிய ஆலை மீளத் திறந்தால், வெளியேற்றப்பட்டவர்களை அழைத்த பிறகே புதியவர்களை அழைக்க வேண்டும்.

கடைசிக் கோரிக்கையைத் தமிழ்நாட்டு அரசு இப்போதே நிறைவேற்றலாம். 2029க்கு இன்னும் காலம் இருக்கிறது. அறுநூறு வேலைகளில் எத்தனை அந்த 2,600 பேருக்கு என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கட்டும்.