கார்டை மாற்றினால் ரெண்டர் வேகமாகிவிடுமா?

"ரெண்டர் இழுக்குதா? பெரிய கிராபிக்ஸ் கார்டா ஒண்ணு போடுங்க, எல்லாம் சரியாயிடும்." சென்னை ரிச்சி தெருவில் கம்ப்யூட்டர் வாங்கப் போகிற யாரும் இந்த யோசனையைக் கேட்காமல் திரும்ப முடியாது. வீட்டிலேயே ஒரு மேசையைப் போட்டுக் கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைக்கிறவர்கள் இதை நம்பி முப்பதாயிரம், நாற்பதாயிரம் என்று கடன் வாங்கிப் புரட்டுகிறார்கள். பலருக்கு அந்தப் பணம் வீண். கார்டு மட்டமானது என்பதால் அல்ல. அவர்கள் வேலையில் அடைப்பு இருக்கும் இடம் வேறு.

எக்ஸ்போர்ட் பட்டனை அழுத்தியதும் நடப்பவை மூன்று. கேமரா சுருக்கி வைத்த ஃபைலை விரிக்க வேண்டும். விரிந்த ஒவ்வொரு ஃப்ரேமிலும் கலர், டைட்டில், எஃபெக்ட் எல்லாம் ஏற வேண்டும். பிறகு அதை மறுபடி சுருக்கி எழுத வேண்டும். விநாடிக்கு 25 ஃப்ரேம் என்றால் ஒரு மணி நேர வீடியோவில் 90,000 ஃப்ரேம்கள். ஒவ்வொரு 4கே ஃப்ரேமிலும் ஏறக்குறைய 83 லட்சம் புள்ளிகள். மூன்றில் எது மெதுவோ, அதன் வேகம்தான் மொத்த வேகம். பெரிய கார்டு முக்கியமாக வேகப்படுத்துவது நடுவில் உள்ள எஃபெக்ட் வேலையை. முகூர்த்தத்தையும் ரிசப்ஷனையும் வெட்டி ஒட்டி, ஒரே கலர் செட்டிங்கைப் பரப்பிவிடுகிற முழுநீள டிரெடிஷனல் வீடியோவில் அந்த நடு வேலை மிகக் குறைவு. அங்கே நேரத்தைத் தின்பது முதல் வேலை, ஃபைலை விரிப்பது.

ஏன் என்று பார்ப்போம். எச்.264, எச்.265 ஃபைல்களில் பொதுவாக எல்லா ஃப்ரேமும் முழுப் படமாக இருப்பதில்லை. ஒரு முழுப் படம், அதன்பின் வரிசையாக 'முந்தையதிலிருந்து என்ன மாறியது' என்ற குறிப்புகள். நடுவில் ஒரு ஃப்ரேம் வேண்டுமென்றால் அதற்கு முந்தையவற்றையும் விரித்தாக வேண்டும். இதைச் செய்வதற்கென்றே சிப்புக்குள் தனிச் சுற்று உண்டு. இன்டெல் 2011இல் கொண்டுவந்த குயிக் சிங்க் அப்படிப்பட்டது. அந்தச் சுற்றுக்கு உங்கள் ஃபைலின் வகை தெரிந்திருந்தால் டைம்லைன் வழுக்கிக்கொண்டு ஓடும். தெரியாவிட்டால் சுமை முழுதும் ப்ராசஸர் தலையில் விழும்.

சோனி ஏ7 ஃபோர், கேனான் ஆர்6 போன்ற கேமராக்கள் எச்.265இல் 10 பிட், 4:2:2 என்ற வகையில் எடுக்கும். கலர் கிரேடிங் நன்றாக வரும் என்பதால் கல்யாண வேலைக்காரர்கள் விரும்பி வைக்கும் செட்டிங் இது. 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முன் வந்த எந்த ஜிஃபோர்ஸ் கார்டுக்கும் இந்த 4:2:2 ஃபைலை ஹார்டுவேரில் விரிக்கத் தெரியாது. ஒன்றரை லட்சம் கொடுத்து வாங்கிய ஆர்டிஎக்ஸ் 4090 ஆனாலும் தெரியாது. ஆனால் இன்டெல் 11ஆம் தலைமுறையிலிருந்து ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் சாதாரண கிராபிக்ஸுக்கு அது தெரியும். ஆப்பிளின் எம்1 சிப்புக்கும் தெரியும். சின்ன மேக் மினியில் ஓடுகிற ஃபுட்டேஜ் பெரிய கேமிங் கம்ப்யூட்டரில் திக்கித் திணறுவதன் ரகசியம் இதுதான்.

இனி கடையில் நடப்பதைப் பாருங்கள். ஐ5 12400 என்று ஒரு ப்ராசஸர், 12400எஃப் என்று இன்னொன்று. எஃப் கொஞ்சம் மலிவு. "கார்டுதான் போடப் போறீங்களே, உள்ளே இருக்குற கிராபிக்ஸ் எதுக்கு?" என்று எஃப்பை எடுத்துக் கொடுப்பார்கள். விளையாட வாங்குகிறவருக்கு அது நல்ல யோசனை. எடிட் செய்கிறவருக்கு அதோடு குயிக் சிங்க் போய்விடுகிறது. மிச்சமான ஆயிரங்களுக்கு விலையாகத் தினமும் ப்ராக்ஸி, அதாவது எடிட்டுக்கான லேசான நகல், தயாராகும் வரை காத்துக் கிடக்க வேண்டும். எஃப் இல்லாத சிப்பை வாங்கியவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கார்டு செருகியவுடன் சில மதர்போர்டுகள் உள் கிராபிக்ஸைத் தாமாகவே அணைத்துவிடும். பயாஸில் போய் மல்டி மானிட்டர் என்ற இடத்தில் அதைத் திரும்பப் போட வேண்டும். காசு செலவில்லாத இந்த ஒரு மாற்றம், புதுக் கார்டு தராத வேகத்தைத் தந்துவிடும்.

உங்கள் அடைப்பு எங்கே என்று அறிய யாரையும் கேட்க வேண்டியதில்லை. எக்ஸ்போர்ட் ஓடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ஜிபியுவைச் சொடுக்குங்கள். அங்கே '3டி', 'வீடியோ டீகோட்', 'வீடியோ என்கோட்' என்று தனித்தனி வரைபடங்கள் கிடைக்கும். ப்ராசஸர் நூறைத் தொட்டு நிற்க, டீகோட் கோடு தரையோடு கிடந்தால், ஃபைலை விரிக்க ஹார்டுவேர் உதவவில்லை என்று பொருள். 3டி கோடோ, என்விடியா கார்டில் 'கூடா' கோடோ நூறில் நின்றால் மட்டுமே கார்டுக்காகப் பர்ஸைத் திறக்கலாம்.

அப்படி நிற்கிற வேலைகளும் இருக்கின்றன. அதை மறைப்பது நேர்மையல்ல. பிளெண்டரில் சைக்கிள்ஸ் ரெண்டர் செய்கிறவருக்கு கார்டுதான் உயிர். டாவின்சி ரிசால்வில் அடுக்கடுக்காகக் கிரேடிங், நாய்ஸ் ரிடக்‌ஷன் போடுகிறவருக்கும், லைட்ரூமில் 2023இல் வந்த ஏஐ டீநாய்ஸை நூற்றுக்கணக்கான படங்களில் ஓட்டுகிறவருக்கும் அப்படியே. ஆனால் அவர்களும் 'புதுசு' என்ற சொல்லில் மயங்கக் கூடாது. 2021இன் ஆர்டிஎக்ஸ் 3060இல் 12 ஜிபி மெமரி உள்ள வகை இருந்தது. 2023இன் 4060இல் 8 ஜிபிதான். 3டி காட்சி கார்டின் மெமரியில் அடங்காவிட்டால் வேகம் படுத்துவிடும், இல்லையென்றால் ரெண்டரே நின்றுபோகும்.

அடுத்த வாதம், "கார்டு இருந்தாலே எக்ஸ்போர்ட் பறக்கும்." பறக்க வேண்டுமானால் அதைப் பயன்படுத்தச் சொல்லியிருக்க வேண்டும். என்விடியா கார்டுகளில் வீடியோவைச் சுருக்கும் என்வெங்க் சுற்று 2012 முதலே இருக்கிறது. பிரீமியர் அதை நேரடியாகப் பயன்படுத்தத் தொடங்கியது 2020இல்தான். பழைய பதிப்பையே ஓட்டிக்கொண்டிருப்பவருக்குப் புதுக் கார்டின் அந்தப் பகுதி தூங்கிக்கொண்டிருக்கும். புதிய பதிப்பிலும் எக்ஸ்போர்ட் அமைப்பில் 'சாஃப்ட்வேர் என்கோடிங்' என்று கிடந்தால் கதை அதேதான். தவிர, என்வெங்க் எல்லா ஜிஃபோர்ஸ் கார்டிலும் விலைக்கேற்பப் பெருகுவதில்லை. ஒரே தலைமுறையில் நடுத்தரக் கார்டும் உச்சக் கார்டும் எச்.264 எழுதும் வேகத்தில் விலை அளவுக்கு விலகி நிற்பதில்லை.

ரேமைக் கூட்டினால் வேகம் கூடும் என்ற பேச்சில் பாதி உண்மை. 8 ஜிபியில் 4கே எடிட் செய்வது கொடுமை; விண்டோஸ் டிஸ்க்கில் எழுதி எழுதிப் படித்துக்கொண்டிருக்கும். 32 ஜிபிக்குப் போனால் அந்த நோவு தீரும். தீர்ந்த பிறகு 64 ஆக்கினால், ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் நீண்ட பிரிவியூ பார்ப்பவரைத் தவிர மற்றவருக்கு ரெண்டர் ஒரு நிமிடம்கூடக் குறையாது. ஒற்றைக் குச்சியாக இல்லாமல் இரண்டாகப் போடுவதும், பயாஸில் எக்ஸ்எம்பியை இயக்குவதும் முக்கியம். 3200 என்று அச்சடித்து வந்த டிடிஆர்4 ரேம், அதை இயக்காத பல கம்ப்யூட்டர்களில் 2133லோ 2400லோ ஓடிக்கொண்டிருக்கிறது.

என்விஎம்இ எஸ்எஸ்டி போட்டால் ரெண்டர் பறக்கும் என்பதற்குக் கணக்கே பதில். 100 எம்பிபிஎஸ் ஃபுட்டேஜுக்கு விநாடிக்கு 12.5 எம்பி படித்தால் போதும். நான்கு கேமராவை ஒன்றாக வைத்தாலும் 50 எம்பி. சாதாரண சாட்டா எஸ்எஸ்டி 500 எம்பிக்கு மேல் தருகிறது. 3,500 எம்பி தரும் டிரைவில் மீதி வேகம் சும்மா இருக்கும். ஹார்டு டிஸ்க்கிலிருந்து நேரடியாக நான்கு கேமராவை ஓட்டுகிறவருக்கு எஸ்எஸ்டி அவசியம், ஏனென்றால் டிஸ்க்கின் தலை நான்கு ஃபைலுக்கும் மாறி மாறி ஓட வேண்டியிருக்கிறது. அதற்கு சாட்டாவே போதும்.

கடைசியாக, "பழசுல காசு போடாதீங்க, புதுசா அசெம்பிள் பண்ணிடுங்க" என்பது. ஆறேழு வருடப் பழைய நான்கு கோர் ப்ராசஸராக இருந்தால் நானும் அதையே சொல்வேன். மற்றபடி, முதலில் பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பாருங்கள். சித்திரை வெயிலில் ஏசி இல்லாத அறை, ஹீட்சிங்க் இடுக்கெல்லாம் தூசி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட். சூடு எல்லை தாண்டினால் ப்ராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைக்கும். அப்போது முதல் பத்து நிமிடம் ஓடிய எக்ஸ்போர்ட் அதன்பின் ஊர்ந்து போகும். இலவச ஹெச்டபிள்யூஇன்ஃபோவை ஓடவிட்டால் வெப்பமும் அப்போதைய வேகமும் எண்ணாகத் தெரியும். பிரஷ், ப்ளோயர், சில நூறு ரூபாய் பேஸ்ட் வைத்து இதைச் சரிசெய்துவிட்டு, அதே டைம்லைனை மறுபடி எக்ஸ்போர்ட் போட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தையும் டாஸ்க் மேனேஜரில் பார்த்ததையும் எழுதி எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கடைக்காரரிடம் முதலில் சொல்ல வேண்டியது உங்கள் பட்ஜெட்டை அல்ல, உங்கள் கேமரா எந்த வகை ஃபைலை எழுதுகிறது என்பதை.