இரவுச் சமையலும் மாத்திரைச் செலவும்

மாதக் கடைசி வாரத்தில் எங்கள் புறநோயாளிகள் பிரிவுக்கு வருவோரிடம், மாத்திரைகளை விடாமல் உட்கொள்கிறீர்களா என்று கேட்கிறோம். "ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கிறேன் டாக்டர். சம்பளம் வந்ததும் முழுசா வாங்கிடுவேன்" என்ற விடை எங்களுக்குப் பழகிப்போன ஒன்று. நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகளை இவ்வாறு குறைத்து உண்பதன் கேட்டை இதயமும் சிறுநீரகமும் கண்ணும் வெகுநாள் ஓசையின்றித் தாங்குகின்றன. பின்னர் ஒருநாள் தாங்க இயலாமல் போகிறது.

அதே குடும்பத்தாரிடம் இரவு உணவைப் பற்றிக் கேட்டால், வாரத்தில் மூன்று நாளாவது பரோட்டாவோ ஃப்ரைடு ரைஸோ பார்சலாக வருகிறது என்பார்கள். நால்வருக்கான பார்சல் 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதே நால்வருக்குக் கோதுமை ரவை உப்புமாவும் சட்னியும், ஆளுக்கொரு முட்டையும் வீட்டில் செய்ய 100 ரூபாய் போதும். மாதத்தில் 12 இரவுகளுக்கு மிச்சம் 2,400 ரூபாய். பலருடைய ஒரு மாத மாத்திரைச் செலவு இதற்குள் அடங்கிவிடும். தமிழ்நாட்டு நியாயவிலைக் கடைகளில் அரிசி விலையின்றியும், துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைப்பதையும் கணக்கில் சேர்த்தால் மிச்சம் இன்னும் கூடும்.

பணத்தோடு இது முடிவதில்லை. ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாகவே, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், உப்பு உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கடைச் சால்னாவில் எவ்வளவு உப்பு, எத்தனை முறை காய்ந்த எண்ணெய் என்பது உண்பவருக்குத் தெரியாது. வீட்டு அடுப்பில் கரண்டி நம் கையில் இருக்கிறது.

இதை நாங்கள் ஒரு தம்பதியரிடம் சொன்னபோது, கணவர் தலையாட்டினார். மனைவியோ, "நான் கடையில வேலை முடிஞ்சு வீட்டுக்கு வரவே எட்டரை ஆயிடுது டாக்டர். அதுக்கப்புறம் யாரு சமைக்கிறது?" என்றார். எங்களிடம் உடனே விடை இல்லை. பணி முடிந்து களைத்துத் திரும்பும் இரவுகளில் எங்கள் வீடுகளிலும் பார்சல் பிரிக்கப்படுவதுண்டு. வீட்டில் சமையுங்கள் என்று மருத்துவர் எழுதித் தரும் ஒரு வரி, பெரும்பாலும் அவ்வீட்டுப் பெண்ணின் தலையில் இன்னொரு வேலையாகவே விழுகிறது என்பதை அன்று உணர்ந்தோம்.

ஆகவே எங்கள் கருத்து இதுதான்: இரவுச் சமையல் குடும்பத்தின் சிகிச்சையில் ஒரு பகுதி; அதைக் குடும்பமே பகிர்ந்து செய்ய வேண்டும். முதலில் வீடு திரும்புபவர், அவர் ஆணாயினும், அடுப்பைப் பற்றவைக்கலாம். பிள்ளைகள் பூண்டு உரிக்கலாம், வெங்காயம் நறுக்கலாம். ஞாயிறன்று அரைத்துக் குளிர்பெட்டியில் வைத்த மாவு மூன்று நான்கு இரவுகளுக்கு வரும். மதியச் சாம்பாரைக் கொஞ்சம் கூடுதலாக வைத்தால் இரவுக்குத் தனிக் குழம்பு வேண்டாம். ஏழு நாளும் இயலாது என்றால், மூன்று பார்சல்களை ஒன்றாகக் குறைப்பதே பெரிய மாற்றம்.

சில எச்சரிக்கைகளும் உண்டு. வீட்டுச் சாப்பாடு என்பதாலேயே அது உப்புக் குறைந்ததாகிவிடாது. ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றிலும் உப்பு மிகுதி. மலிவாகக் கிடைக்கிறது என்று எண்ணெயைத் தாராளமாக ஊற்றலாகாது. தலைக்கு மாதம் அரை லிட்டர் என்று அளந்து வைத்துக்கொள்வது நல்லது. இன்சுலின் போட்டுக்கொள்வோர், சமையல் தாமதமாகிறது என்று பசியோடு காத்திருத்தல் கூடாது. சர்க்கரை அளவு திடீரெனத் தாழக்கூடும். சிறுநீரக நோயாளிகள் பருப்பு, கீரை, பழம் ஆகியவற்றின் அளவை உணவியல் வல்லுநரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

அடுத்த முறை வரும்போது, ஒரு வாரம் இரவில் என்ன உண்டீர்கள், என்ன செலவாயிற்று என்பதை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். மாத்திரை வாங்கப் பணம் போதவில்லை என்றால் அதையும் தயங்காமல் சொல்லுங்கள். விலை குறைந்த மாற்று மருந்து பெரும்பாலும் உண்டு. நீங்களாகவே மாத்திரையைக் குறைக்க வேண்டாம் என்பதே எங்கள் வேண்டுகோள்.