செயினை அறுக்காதீர்கள்

சென்ற ஆண்டு நம் கல்லூரி அறிவியல் கண்காட்சிக்காக, கையால் சுற்றி நீர் இறைக்கும் மாதிரி ஒன்றை நாங்கள் மூவர் செய்தோம். பழைய சைக்கிள் செயின் ஒன்று கிடைத்தது. ஆனால் நீளம் அதிகம். ஆக்சா பிளேடால் அறுத்தால் தீர்ந்தது என்று எண்ணினேன். கால்மணி நேரத்தில் பிளேடின் பற்கள்தாம் தேய்ந்தன. செயினின் ஆணியும் உருளையும் கடினமாக்கப்பட்ட எஃகு என்று படித்தவன்தான் நான்!

பிறகு சுத்தியலால் ஓர் ஆணியை அடித்து வெளியேற்றி, அதே ஆணியை மறுபடி அடித்து ஏற்றினேன். கண்காட்சியன்று, எல்லோர் முன்னிலையிலும், அந்தக் கண்ணி விட்டது. துள்ளிய முனை நண்பனின் புறங்கையைக் கிழித்தது. மூன்று தையல். அவன் என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை.

செயினை அறுக்கக் கூடாது, கழற்ற வேண்டும் என்பதைப் பின்னர் ஒரு சைக்கிள் கடை அண்ணன்தான் காட்டினார். வெளித்தகடு ஒன்றின் இரண்டு ஆணித் தலைகளையும் அரத்தால் தகட்டோடு சமமாகத் தேய்க்க வேண்டும். நட்டின் துளைக்கு நேரே ஆணி நிற்கும்படி செயினை வைத்து, பஞ்சால் இரண்டையும் மாறி மாறிச் சிறிது சிறிதாகத் தட்ட வேண்டும். ஒன்றையே அடித்தால் தகடு கோணும். செயின் கட்டர் இருந்தால் இத்தனை பாடும் இல்லை. திருகினால் ஆணி இறங்கிவிடும். இரு முனையிலும் உள்கண்ணி நிற்க, புதிய லாக் போட்டு இணைக்கலாம். கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையை நோக்க வேண்டும். கழற்றிய ஆணியை மட்டும் திரும்பப் போடவே கூடாது.

கலைக் கல்லூரிக்குப் பட்டறை எதற்கு, பாலிடெக்னிக்கில் சேர்ந்திருக்கலாமே என்பர் சிலர். மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்டு 1880-ல் உருளைச் செயினுக்குக் காப்புரிமை பெற்றார். அதன் திசைவேக விகிதத்தைக் கணக்கிட்டு நாம் மதிப்பெண் வாங்குகிறோம். அரை அங்குலக் கண்ணி ஒன்றைக் கழற்றத் தெரியவில்லை. இது நமக்குக் குறைவு என்பது என் துணிபு. நம் ஆய்வகத்தில் ஒரு வைஸ், ஒரு நல்ல அரம், ஒரு செயின் கட்டர் வாங்கி வைக்கப் பேராசிரியப் பெருமக்களை வேண்டுகிறேன். செலவு பெரிதன்று.

இவ்வாண்டு மாதிரிக்குப் புதிய லாக் வாங்கியாயிற்று. நண்பனும் வருகிறான். செயினை மட்டும் அவன்தான் மாட்டுவானாம். என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டான்.