எந்நாடு நல்ல நாடு?

ஓசூரில் வாழ்பவர்களுக்கு எல்லை என்பது நிலப்படத்தில் மட்டும் காணும் கோடு அன்று. ஜூஜூவாடியைத் தாண்டினால் கருநாடகம். அத்திப்பள்ளியின் கடைப் பலகைகள் கன்னடத்தில் நம்மை வரவேற்கின்றன. தமிழும் தெலுங்கும் கன்னடமும் தக்னி உருதும் ஒரே தெருவில் ஒலிக்கும் ஊர் இது. இத்தகைய ஊரில் 'அந்தப் பக்கம் எப்படி, இந்தப் பக்கம் எப்படி' என்று ஒப்பிட்டுப் பேசுவது மக்களுக்குப் பிறவிக் குணமாகவே அமைந்துவிட்டது. அதில் குற்றமில்லை. ஆனால் நம் மஹல்லாக்களில் ஓயாது நடந்துவரும் மற்றோர் ஒப்பீடு நம்மைக் கவலைகொள்ளச் செய்கிறது.

இஷாத் தொழுகை முடிந்து பள்ளிவாசலின் வெளித்திண்ணையில் நால்வர் அமர்ந்தால் பேச்சு துபாய்க்குப் போய்விடும். அங்கே இரு கட்சிகள். முதற்கட்சியார் சபராளிகள், அமீரகத்தில் பத்தாண்டும் இருபதாண்டும் உழைத்து, விடுப்பில் வந்தவர்கள் அல்லது வந்து தங்கிவிட்டவர்கள். "அங்கே மின்சாரம் போகாது, சாலையில் ஒரு குழியைக் காட்ட முடியாது, இங்கே மனிதன் வாழ்வானா?" என்பது அவர்கள் வாதம். இரண்டாம் கட்சியார் ஊரைவிட்டு அகலாத பெரியவர்கள். "எண்ணெய் வற்றினால் அவர்களிடம் என்ன இருக்கும்? பண்பாடு என்றால் நம் நாடுதான்" என்பது இவர்கள் வாதம். இரு தரப்பையும் ஆண்டுக்கணக்கில் கேட்டுவிட்டோம். இருவரும் தவறான படிக்கல்லை வைத்தே எடைபோடுகின்றனர் என்பது நம் முடிவு. அதனை வெளிப்படையாகவே கூறத் துணிகிறோம். கோபிப்பவர்கள் கோபிக்கட்டும்.

முதற்கட்சியாருக்கு உரியதை முதலில் கொடுத்துவிடுவோம். ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்டம் 2025இல் வெளியிட்ட மனித மேம்பாட்டு அட்டவணையில் ஐக்கிய அரபு அமீரகம் 15ஆம் இடத்தில் நிற்கிறது. இந்தியா 130ஆம் இடத்தில் நிற்கிறது. ஆயுள், கல்வி, வருமானம் ஆகிய மூன்றையும் சேர்த்து அளக்கும் இக்கணக்கை 1990இல் உலகுக்கு அளித்தவர் பாகிஸ்தானியப் பொருளியல் அறிஞர் மஹ்பூபுல் ஹக். அப்பணியில் அவருக்குத் துணைநின்றவர் நம் அமர்த்தியா சென். ஆகவே இதனை மேனாட்டார் சூழ்ச்சி என்று தள்ளிவிட இயலாது. வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத அந்நாடு கடல்நீரின் உப்பை நீக்கிக் குடிக்கிறது. நமக்கோ தென்பெண்ணையாறு இருக்கிறது. அது பெங்களூரின் கழிவைச் சுமந்து வந்து கெலவரப்பள்ளி அணையில் வெண்ணுரையாய்ப் பொங்குகிறது. அங்கே தொழிலாளியின் ஊதியம் வங்கி வழியே சேரவேண்டும் என்ற முறை 2009இலேயே வந்துவிட்டது. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 மணியிலிருந்து 3 மணிவரை வெட்டவெளியில் வேலை வாங்குவதற்குத் தடையும் உண்டு. நம் நெடுஞ்சாலையோரத்தில் அதே நடுப்பகலில் தார் காய்ச்சுபவனுக்கு நிழல் தந்தவர் யார்? இவற்றை ஒப்புக்கொள்ளாமல் நம் நாட்டைப் புகழ்வது தேசப்பற்று ஆகாது. கண்ணைக் கட்டிக்கொள்ளுதலே ஆகும்.

இரண்டாம் கட்சியாரின் பெருமிதமும் ஆராயத்தக்கதே. அபுதாபியின் எண்ணெய் முதன்முதலாகக் கப்பலேறியது 1962இல். அதற்கு முன் அது முத்துக்குளித்து வாழ்ந்த கடற்கரை. ஜப்பானியரின் வளர்ப்பு முத்து சந்தைக்கு வந்தபின் அத்தொழிலும் நொடித்துப்போயிற்று. 1959 முதல் 1966 வரை அம்மக்களின் கையில் புழங்கியது நம் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே வெளியிட்ட ரூபாய். ஆம், நம் பணத்தை எண்ணிய கைகள் அவை! அந்த மக்கள் 1971இல் ஒரு நாடாய் இணைந்து, ஒரு தலைமுறைக்குள் நம் பிள்ளைகள் வேலை தேடிச் செல்லும் இடமாகத் தம் மண்ணை ஆக்கினர். எண்ணெய் கிடைத்த நாடுகள் எல்லாம் இவ்வாறு செழித்துவிடவில்லை. எனவே 'எண்ணெய்தானே' என்று உதட்டைப் பிதுக்குவது அறிவுடைமை அன்று. நம் பண்பாடு பெரிதென்றால் அஃது இன்றைய நம் நடத்தையில் தெரியவேண்டும். பாட்டனார் உண்ட நெய்யின் மணம் பேரன் கையில் எத்தனை நாள் இருக்கும்?

இரு நாடுகளை ஒப்பிடுவது எப்படி என்பதை நமக்குக் கற்பித்த பேரறிஞர் ஒருவர் உண்டு. கி.பி. 973இல் பிறந்த அல்பீரூனி இந்தியாவைப் பற்றிய தம் பெருநூலை ஏறத்தாழ 1030இல் நிறைவுசெய்தார். அதற்காகச் சமஸ்கிருதம் கற்றார். தம் நாடே உயர்ந்தது, தம் கல்வியே கல்வி என்று இறுமாந்திருந்த இந்திய அறிஞர்களை அவர் கண்டித்தார். அதே நூலில், தாம் வாழ்ந்த அரசின் சுல்தான் மஹ்மூத் இந்நாட்டின் வளத்தைப் பாழாக்கியதையும் எழுதத் தயங்கவில்லை. பிறரைக் குறைகூறிய அதே எழுதுகோல் தன் பக்கத்தையும் குறைகூறியது. அதுவன்றோ ஒப்பீடு! திண்ணையில் நாம் செய்வது ஒப்பீடன்று, வழக்காடல்.

சரியான படிக்கல் எது? 1377இல் தம் 'முகத்திமா'வை வரைந்த இப்னு கல்தூன், ஈட்டத்தின் மதிப்பெல்லாம் உழைப்பிலிருந்தே பிறக்கிறது என்றும், அநீதி நாகரிகத்தை அழிக்கும் என்றும், அநீதிகளில் மிகக் கொடியவற்றுள் ஒன்று கூலியின்றி வேலை வாங்குவதே என்றும் நிறுவினார். புறநானூற்றில் ஔவையார் நிலத்தையே விளித்து, உன் நன்மை உன் மேடுபள்ளத்தால் வருவதன்று, உன்மீது வாழும் ஆடவரின் நன்மையால் வருவது என்னும் கருத்தைப் பாடினார். அரபு கற்ற வாயாலும் தமிழ் கற்ற வாயாலும் நாம் கூறுவது ஒன்றே: ஒரு நாட்டின் வாழ்வையும் பண்பாட்டையும் அதன் கோபுரத்தைக் கொண்டு அளக்காதீர். அந்நாட்டார் அல்லாத ஒருவன் பிழைக்க வந்து அக்கோபுரத்தின் சாரத்தில் நிற்கிறானே, அவன் நிலையைக் கொண்டு அளப்பீர்.

இப்படிக்கல்லை முதலில் வளைகுடாவின்மீது வைப்போம். அமீரகத்தில் வாழ்பவர்களுள் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் வெளிநாட்டினர். முப்பதாண்டு உழைத்தவனும் வேலை முடிந்தால் பொதுவாக மூட்டை கட்டவேண்டியவனே. அங்கே பிறந்த அவன் பிள்ளைக்குப் பிறப்பால் மட்டும் குடியுரிமை வாராது. இவ்வமைப்பை மக்கள் 'கஃபாலா' என்கின்றனர். இச்சொல்லைக் கேட்கும்போதெல்லாம் அரபு ஓதிய நம் நெஞ்சு நோகிறது. கஃபாலா என்றால் பொறுப்பேற்றல். அனாதையை அரவணைப்பவன் கஃபீல். கடன்பட்டவனுக்குப் பிணைநிற்பவன் கஃபீல். ஜகரிய்யா நபி (அலை) அவர்கள் மர்யம் (அலை) அவர்களைப் பொறுப்பேற்று வளர்த்ததைக் குர்ஆன் இவ்வேர்ச்சொல்லாலேயே குறிக்கிறது. அத்தகைய சொல், ஏழைத் தொழிலாளியின் கடவுச்சீட்டைப் பெட்டியில் பூட்டிவைப்பவனின் பட்டப்பெயராய்ச் சீரழிந்துவிட்டது! அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் முதலாளி தொழிலாளியின் ஆவணங்களைப் பிடித்துவைப்பதைத் தடைசெய்கிறது. கத்தார் 2020இல் கஃபீலின் இசைவின்றி வேலை மாறலாம் என்றாக்கியது. இவை நல்ல திருத்தங்களே. ஆயினும் திருத்தம் வேண்டியிருந்தது என்பதே நோய் இருந்ததற்குச் சான்று. அமீரகத்தைப் போன்றே அயல்நாட்டார் உழைப்பில் நிற்கும் குவைத்தில், 2024 ஜூன் 12 அதிகாலையில், மங்காஃப் பகுதியின் தொழிலாளர் விடுதி ஒன்று தீப்பற்றியதில் இறந்த இந்தியர் நாற்பதுக்கும் மேற்பட்டோர். அவர்களுள் தமிழர் 7 பேர். கட்டடங்களின் ஒளியைப் பாடும் சபராளி அன்பர்கள் அந்த ஒரு கட்டடத்தையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

இனி அதே படிக்கல்லை நம் தட்டிலும் வைப்போம். ஓசூர் 1970களில் சிப்காட் வந்தபின் மாறிய ஊர். லாரியும் மொபெட்டும் கைக்கடிகாரமும் இங்கே உருவாயின. இன்று மாவட்டத்தில் மின்ஸ்கூட்டரும் கைப்பேசி உறுப்புகளும் உருவாகின்றன. நம் பிள்ளைகள் அமீரகத்துக்கு விமானம் ஏறுகின்றனர்; பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, அஸ்ஸாம் பிள்ளைகள் நம் ஊருக்கு இரயிலேறி வருகின்றனர். அவர்களுக்கு ஓசூரே துபாய். அப்படியானால் அவர்களுக்கு நாம் யார்? அரபியர் நமக்கு யாரோ, அவரே அவர்களுக்கு நாம்!

ஒரு வேறுபாடு உண்டு. அது நம்மைக் காப்பதன்று, நம் குற்றத்தை இரட்டிப்பாக்குவது. அமீரகத்தில் நம்மவன் அந்நியன். இங்கு வருபவனோ அந்நியனே அல்லன். நாட்டின் எப்பகுதிக்கும் செல்லவும், எங்கும் தங்கிக் குடியமரவும் நம் அரசியல் சட்டத்தின் 19ஆம் விதி அவனுக்கு உரிமை அளிக்கிறது. எந்த வளைகுடா நாடும் நம்மவனுக்கு அளித்திராத பெருஞ்செல்வம் இது. இந்தியாவைப் புகழ விரும்பும் பெரியவர்கள் பழம்பெருமையை விட்டுவிட்டு இதனைப் புகழட்டும். ஆனால் ஏட்டில் இருக்கும் இச்செல்வம் தகரக் கொட்டகையில் அவனுக்குக் கிடைத்ததா? 2020 மார்ச்சில் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது, சொந்த நாட்டிலேயே வழியற்றவர்களாய் நெடுஞ்சாலைகளில் கால்நடையாய்ப் போனவர்களை நாடே பார்த்தது. அவர்கள் போன பிறகுதான் பலருக்கு அவர்கள் இருந்ததே தெரிந்தது!

எழுதக் கூசும் ஒன்றையும் எழுதிவிடுகிறோம். நம் மஹல்லாவில் சபராளி ஒருவர், வளைகுடாவில் ஈட்டிய பொருளைக் கொண்டு லைன் வீடுகள் கட்டினார். பதினெட்டு அறைகள், தகரக் கூரை, மூன்று கழிப்பறைகள். கட்டி முடித்த அன்று துஆ ஓதியவர் நாமே. சில மாதங்கள் கழித்து ஜார்க்கண்ட் இளைஞன் ஒருவன் பள்ளிவாசல் படியில் வந்து நின்றான். தாய் நோயில் கிடக்கிறாள், ஊர் செல்லவேண்டும், வாடகை பாக்கிக்காக ஆதார் அட்டையை வீட்டுக்காரர் வாங்கி வைத்துக்கொண்டார் என்றான். சென்று கேட்டோம். "ஹஜ்ரத், கொடுத்தால் ஓடிவிடுவான். பாக்கிக்கு யார் பொறுப்பு?" என்றார் அவர். பல்லாண்டுகளுக்கு முன், தந்தையின் ஜனாஸாவுக்கு வர இயலாமல், கஃபீல் கடவுச்சீட்டைத் தரவில்லை என்று கண்ணீரோடு கடிதம் எழுதிய அதே மனிதர் அவர். அக்கடிதத்தை அவர் தாயாருக்குப் படித்துக்காட்டியவரும் நாமே. அதனை அவருக்கு நினைவூட்டியிருக்கவேண்டும். நாம் வாய் திறக்கவில்லை. மதரஸாவின் ஒரு மாத அரிசி அவர் கொடை. அட்டை மூன்றாம் நாள் இளைஞன் கைக்குத் திரும்பியது. நம் சொல்லால் அன்று, அவன் கூட்டாளிகள் பாக்கியைத் திரட்டிக் கட்டியதால். வியர்வை உலர்வதற்கும் கூலிக்கும் உள்ள தொடர்பைக் கூறும் நபிமொழியை அந்த வெள்ளிக்கிழமையும் நாம் பயானில் எடுத்தோதினோம். நாவுக்கு வெட்கம் இல்லை போலும்.

"அவர்கள் விரும்பித்தானே வருகிறார்கள்? ஊரில் கிடைக்காத கூலி இங்கே கிடைக்கிறதே!" என்பார் உளர். இவ்வாதம் நமக்குப் புதிதன்று. நம்மவர் முறையிடும்போது கஃபீல்கள் கூறிவந்த அதே விடைதான் இது. கடலுக்கு அப்பால் கேட்டபோது கொடுமையாய்த் தோன்றிய சொல், நம் வாயில் நியாயமாய் மாறிவிடுமா? பசி ஒருவனை அழைத்து வந்தது என்பதனால் அவன் மதிப்பு குறைந்துவிடாது. வந்தவனை 'வடக்கன்' என்று ஒரே பெயரால் அழைத்து, அவனுக்கென்று ஒரு பெயர் உண்டு என்பதையே மறந்துவிடுவது எந்தப் பண்பாடு?

ஆதலால் திண்ணை வழக்கை நாம் இவ்வாறு தீர்க்கிறோம். சாலைக்கும் தண்ணீருக்கும் நேரத்தில் வரும் ஊதியத்துக்கும் அமீரகம் உயர்ந்தது. வந்தவன் நிலைத்துத் தங்கும் உரிமைக்கு இந்தியா உயர்ந்தது. ஆனால் வந்தவனை மனிதனாய் நடத்தும் பண்பில் எவர் உயர்ந்தவர் என்ற கேள்விக்கு விடை அபுதாபியிலும் இல்லை, டில்லியிலும் இல்லை. நம் தெருவின் லைன் வீடுகளில் இருக்கிறது.

ஜமாஅத்தாரிடம் நாம் கேட்பது பெரிதன்று. நம் மஹல்லாவில் வீடு வைத்திருப்போர், ஒப்பந்தத்துக்கு ஆள் எடுப்போர் எவரும் தொழிலாளியின் அட்டையையோ ஆவணத்தையோ பிடித்துவைக்கக் கூடாது என்று ஒரு தீர்மானம் எழுதுங்கள். வாடகைக்கு இரசீது கொடுக்கச் சொல்லுங்கள். அவர்கள் பிள்ளைகள் பள்ளியில் சேர வழிகாட்டுங்கள். தெலுங்கும் கன்னடமும் உருதும் கற்பிக்கும் பள்ளிகளைத் தாங்கிய மாவட்டத்துக்கு இன்னும் சில குழந்தைகள் பாரமாகிவிட மாட்டார்கள். தீர்மானத்தில் முதற் கையெழுத்து நம்முடையது. அரிசி நின்றுவிடுமானால் நிற்கட்டும், உணவளிப்பவன் அல்லாஹ்.

அதன்பின் வேண்டுமானால் திண்ணையில் அமர்ந்து, எந்நாடு நல்ல நாடு என்று விடியும்வரை பேசுவோம்.