இலவசம் அல்ல, மொய்

இடம்பெயர்ந்த குடும்பம் ஒன்றிடம் எதை இழந்தீர்கள் என்று கேட்டால், வீடு, மரக்கறித் தோட்டம், ஆடுமாடு என்று சொல்லிக்கொண்டு வந்து, கடைசியில் காணிக் கடதாசியையும் பிறப்புச் சான்றிதழையும் சொல்வார்கள். பொருளைத் திரும்பத் தேடிக்கொள்ளலாம். பதிவு போய்விட்டால், அது நம்முடையதாக இருந்தது என்பதற்கே சாட்சி இல்லாமற் போகும். 1985இல் கொத்மலை நீர்த்தேக்கம் எழுந்தபோதும், 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் மலை சரிந்தபோதும் ஊரை இழந்தவர்கள் இதை அறிவார்கள்.

நூலகத்துக்கும் இதுவே நியதி. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. நமது வாசிகசாலைகளோ நெருப்பில்லாமலே அழிகின்றன. அலுமாரிச் சாவியும் இரவல் கொப்பியும் ஒரு இளைஞனிடம் இருக்கும். அவன் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனால் கொப்பியும் போய்விடும். எந்த நூல் யாரிடம் என்று அதன்பின் எவருக்கும் தெரியாது.

இதற்கு உதவக்கூடிய கருவி ஒன்று உண்டு. நியூசிலாந்தின் ஹொரோவெனுவா என்னும் கிராமப்புற வட்டாரத்து நூலகம் பயன்படுத்திய பழைய கணனி முறை, 2000ஆம் ஆண்டைத் தாண்டி இயங்காது என்று கண்டார்கள். புதியதை வாங்குவதற்குப் பதில் தங்கள் தேவைக்கேற்ப ஒன்றை எழுதுவித்தார்கள். 2000 ஜனவரியில் அதைப் பாவனைக்குக் கொண்டுவந்து, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்று உலகுக்கு விட்டுவிட்டார்கள். அதுவே ‘கோஹா’. நம் நாட்டுப் பல்கலைக்கழக நூலகங்கள் பலவும் இன்று அதைப் பயன்படுத்துகின்றன.

கோஹா என்பது மாவோரி மொழிச் சொல். அன்பளிப்பு என்பது பொருள். ஆனால் பெற்றவர் ஒருநாள் திருப்பிச் செய்யவேண்டிய அன்பளிப்பு. நமக்கு இது புதிதல்ல. கலியாண வீட்டில் எழுதும் மொய் இதுதானே! ஆகவே இதை இலவசம் என்று எண்ணுவது தவறு. மென்பொருளுக்குப் பணமில்லை; கணனிக்கும் மின்சாரத்துக்கும் பழகும் நேரத்துக்கும் விலை உண்டு.

முந்நூறு நூல்கள் உள்ள ஒரு வாசிகசாலைக்குத் தனியாகக் கோஹா தேவையில்லை என்பதே எமது கருத்து. ஒரு நல்ல கொப்பி போதும். ஆனால் கோஹாவில் பல கிளைகளை ஒரே பட்டியலில் இணைக்கலாம். மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவை, தலவாக்கலை வாசிகசாலைகள் ஒன்றுசேர்ந்தால், ஓரிடத்தில் உள்ள நூலை இன்னோரிடத்துப் பிள்ளை தேடிக் கண்டுபிடிக்கலாம். சிதறிப்போன மக்களுக்கு இந்த இணைப்பே பெரிய பயன்.

எப்படித் தொடங்குவது? முதலில் கணனி கேட்டு விண்ணப்பம் எழுதாதீர்கள். உள்ள நூல்களை எண்ணி, ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம் இட்டு, தலைப்பு, ஆசிரியர், பதிப்பித்த ஆண்டு, பொருள் என்று வரிசையாக எழுதுங்கள். டூயி பகுப்பு முறையில் விவசாயத்துக்கு 630. நமது தேயிலைக்கு 633.72. அடுத்து, இரவல் கொடுக்கும் வேலையை இருவருக்காவது பழக்குங்கள். அவர்களில் ஒருவர் பெண்பிள்ளையாக இருக்கட்டும். அதன்பின்னரே கணனி. கோஹா லினக்ஸில் இயங்குவது. நிறுவுவதற்கு விஷயம் தெரிந்தவர் வேண்டும். பல்கலைக்கழகத்துக்குப் போன நம் பிள்ளைகளையும் நூலகர்களையும் அணுகுங்கள். வாசிகசாலைக்குள் பயன்படுத்த இணையம் கட்டாயமில்லை. தமிழில் தலைப்புகளைப் பதியலாம்.

பட்டியலின் பிரதியை வாரந்தோறும் எடுத்து, வேறு ஊரில் ஒருவரிடம் வையுங்கள். மண்சரிவு அபாயம் உள்ள இடத்தில் பதிவின் ஒரே பிரதியை வைத்திருப்பது நமக்குத் தகாது. அங்கத்தவர் விபரங்களைக் கண்டவர் கையில் கொடுக்கவும் கூடாது.

நாம் திருப்பி எழுதவேண்டிய மொய் என்ன? முதலில் கற்றுக்கொண்ட வாசிகசாலை, அடுத்த தோட்டத்து வாசிகசாலைக்குக் கற்றுக்கொடுக்கட்டும். கணக்கும் பதிவும் எப்போதும் ஒபீஸிலே இருந்த சமூகம் நாம். நமது நூல்களின் பதிவேடாவது நமது கையில் இருக்கட்டும்.